மாங்கேணிக்கு ஏசி எதற்கு

மூன்றாவது தடவையாகவும் பஹீமா மாங்கேணி ஹோட்டலுக்கு அழைப்பு எடுத்தபோது, அங்கே போனைத் தூக்கிய சுலோஜனா குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டாள்.

“சொல்லுங்கக்கா. இப்ப ஏசியா, ஃபேனா?”

காலையில் ஏசி அறைதான் வேண்டும் என்று அடித்துச் சொன்னவள் பஹீமா. பத்து மணிக்கு எடுத்து, அது வேண்டாம், ஃபேன் அறை போதும் என்று மாற்றியவளும் அவளேதான். இடைப்பட்ட நேரத்தில் அரிசி களைந்தாள், மீன் கழுவினாள், இரண்டு தரம் உப்புப் போட்டாள். மனது ஒரு நிலையில் நிற்கவில்லை.

“தங்கச்சி, கோவிச்சுக்காத. உண்மையச் சொல்லு. இந்த மாசக் கடைசியில அங்க ஏசி இல்லாம ஒறங்க ஏலுமா?”

“ஏனேலாது? கச்சான் வெக்கைக் காத்து ஓஞ்சிட்டுதக்கா. கடலும் கிட்ட, களப்பும் கிட்ட, எந்தப் பக்கத்தாலயும் காத்து வரும். வெளிநாட்டு ஆக்களே சில பேர் ஃபேனையும் நிப்பாட்டிப்போட்டு நித்திரை கொள்ளுறாங்க.”

“அப்ப ஃபேனே இருக்கட்டும். இல்ல, பொறு… ஓம், ஃபேன்தான்.”

போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாவது தடவை எடுத்தால் அந்தப் பிள்ளை போனைத் தூக்காது என்ற வெட்கம்தான் அவளைத் தடுத்தது.

இந்தப் பயணத்தைக் கட்டிவிட்டது அவளுடைய மகள் அஸ்மியா. ‘இலையுதிர்கால ஆரம்பச் சலுகை’ என்று போனில் ஒரு விளம்பரம் வந்ததாம். யாருக்கு எழுதினார்களோ தெரியாது. காத்தான்குடியில் இலை உதிர்வதென்றால் ஆடு மதிலில் முன்கால் வைத்து எட்டிக் கடிக்க வேண்டும். புரட்டாதி என்றால் கச்சான் ஓயும் காலம். வைகாசியிலிருந்து மேற்கே வயல்வெளியெல்லாம் கடந்து, அடுப்பு வாயைத் திறந்துவிட்டது மாதிரி முகத்தில் அடித்த காற்று களைத்து நிற்கும். மழைக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கும். அவ்வளவுதான் எங்கள் இலையுதிர்காலம்.

“உம்மா, நீங்களும் வாப்பாவும் சேர்ந்து ஒரு இடம் போனதில்ல. வியாழன் போங்க, சனி வாங்க. ஏசியா ஃபேனா எண்டத மட்டும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க” என்று மகள் இலகுவாகச் சொல்லிவிட்டாள். அந்த ‘மட்டும்’தான் பஹீமாவைப் பிடித்து ஆட்டியது.

ஒரு ஏசிக்கு இத்தனை பாடா என்று கேட்கிறவர்களுக்கு முந்திய திங்கட்கிழமை நடந்தது தெரியாது.

அவளுடைய கணவர் பாறூக் பத்தொன்பது வருடம் கட்டாரில் தண்ணீர் லொறி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் லீவில் வந்து போவார். அஸ்மியாவின் கல்யாணத்தோடு, இனிப் போக மாட்டேன் என்று சொல்லி வந்து இறங்கினார். அதுவும் பதினொரு மாதமாகிவிட்டது. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துக் கட்டிவைப்பது காத்தான்குடி வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பஹீமாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்த வீடு, பாறூக் மாப்பிள்ளையாக வந்து இருந்த வீடு, இப்போது அஸ்மியாவின் வீடு. மருமகன் றிஸ்லான் அதற்கு மாப்பிள்ளை. ஒரு லீவில் பாறூக் ஆசையாக வாங்கிப் பூட்டிய ஏசியும் முன் அறையோடு சேர்ந்து மகளுக்குப் போய்விட்டது. பஹீமாவும் பாறூக்கும் வீட்டு வளவின் பின்பக்கம் தகரம் போட்டுக் கட்டிய இரண்டு அறைக்கு வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மனிதருக்கு உறக்கம் போய்விட்டது. படுப்பார், புரளுவார், எழுந்து உட்காருவார். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. கேட்டால், “ஒண்டுமில்ல, நீ படு” என்பார். பின் அறைக்கும் ஒரு ஏசி பூட்டித் தருகிறேன் என்று றிஸ்லான் சொன்னபோது, “வேணாம் மகன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்த ‘வேணாம்’தான் பஹீமாவை யோசிக்கவைத்தது. ஊரிலேயே இருக்கிற எண்ணம் உள்ள ஆள் வேண்டாம் என்று சொல்வாரா?

பிறகு அந்தத் திங்கட்கிழமை. கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்று பாறூக் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். எதிர்முனையில் முனாஸ். கட்டாரில் இவரோடு வேலை செய்தவர், இன்னும் அங்கேயே இருப்பவர். பழைய ஓட்டுநர்களைக் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறதாம்.

“இஞ்ச வந்ததுல இருந்து ஒழுங்கா ஒரு ஒறக்கம் இல்ல முனாஸ்” என்றார் பாறூக். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி. வியாழன் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு எடு. வாறதா இல்லையா எண்டு சொல்றன்.”

பஹீமாவின் கையில் இருந்த சாரனிலிருந்து தண்ணீர் சொட்டிக் கால் நனைந்தது. அவள் கவனிக்கவில்லை.

இப்போது விளங்குகிறதல்லவா? ஏசி அறையை எடுத்தால் மனிதர் நன்றாக உறங்குவார். உறங்கி எழுந்து, ‘பார், குளிர் இருந்தால்தான் எனக்கு ஒறக்கம்’ என்று தெரிந்துகொண்டு கட்டாருக்கு ஏறிவிடுவார். ஃபேன் அறையில், கடல் காற்றில், ஒரே ஒரு பகல் அவர் கண் அயர்ந்துவிட்டால், ‘ஊரிலேயும் உறங்கலாம்’ என்று அவருக்கே விளங்கிவிடும். அதுவும் வியாழன் அசருக்கு முன்னால் நடக்க வேண்டும். உறங்காவிட்டால்? அதை நினைக்கும் போதெல்லாம்தான் அவள் போனைத் தூக்கினாள்.

அவரை உறங்கவைக்க அவள் செய்யாத வேலை இல்லை. பின் அறைக்குக் குடிவந்த மறுநாளே, அங்கே கிரீச் கிரீச் என்று கத்திய பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, சத்தமே போடாத புது ஃபேன் பூட்டச் செய்தாள். தையல் மிசினை மகள் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்க வரும் ஓட்டோக்காரனை ஒழுங்கை முனையில் மறித்து, “தம்பி, எங்கட வளவு தாண்டுமட்டும் அந்தப் பாட்ட நிப்பாட்டிப் போ. மனிசன் படுத்திருக்கார்” என்று கெஞ்சினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வாயைக் கட்டினாள். அதுதான் ஆகக் கஷ்டம். பஹீமா பேசத் தொடங்கினால் மழைக்கால வாய்க்கால்; எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது. “உம்மா, நீங்க ஓயாமக் கதைச்சா வாப்பாக்குத் தலையிடிதான் வரும்” என்று மகள் ஒருநாள் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. பதினொரு மாதமாக, ‘சாப்பிடுங்க’, ‘படுங்க’, ‘தண்ணி வைக்கவா’ என்பதற்கு மேல் அவள் அவரிடம் பேசியது குறைவு.

வியாழன் காலையில் வெளிக்கிட்டார்கள். மட்டக்களப்பில் ஏறிய வாகரை பஸ் ஒரு பழைய வண்டி. கண்ணாடிகள் கடகடத்தன, எஞ்சின் உறுமியது, சாரதி வைத்த பாட்டு அதற்கு மேலே போட்டிபோட்டுக் கத்தியது. ஏறாவூர் தாண்டும்போது பாறூக்கின் தலை மெல்லச் சரிந்து அவளுடைய தோளில் வந்து விழுந்தது. அப்படியே வாழைச்சேனையும் ஓட்டமாவடிப் பாலமும் கடந்தன. நாலு பேர் பார்க்கத் தோளில் சாய்கிற மனிதர் அல்ல அவர். பஹீமா அசையாமல் இருந்தாள். வெளியே தண்ணீரும் பனையும் மாடுகளும் வந்து வந்து போயின. இந்தப் பஸ் மாங்கேணியில் நிற்காமல் வாகரை, வெருகல் என்று போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் இந்த உறக்கத்தை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. பஸ் உறக்கம் ஒரு உறக்கமா? அலுப்பில் யாரும் தூங்குவார்கள்.

ஹோட்டல் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. முன்னால் கடல், பின்னால் றோட்டுக்கு அப்பால் ஏரி மாதிரி விரிந்த களப்பு, நடுவில் தென்னைகளுக்குள் ஆறு அறைகள். அதில் இரண்டுக்குத்தான் ஏசி. சுலோஜனா முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வாசலில் வந்து வரவேற்றவளின் முகத்தில் களவு பிடிபட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

“அக்கா, நேற்று வரைக்கும் இந்தக் காத்து இல்ல. சத்தியமா.”

ஓய்ந்துபோன கச்சான், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்த விருந்தாளி மாதிரி, சரியாக அன்றைக்குத் திரும்பி வந்திருந்தது. தென்னோலைகள் கடலைப் பார்த்து வளைந்து கிடந்தன. மணல் கொதித்தது. பஹீமாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது.

“ஏசி ரூம்ல இருக்கிற ஆக்கள் நாலு மணிக்குப் போயிருவாங்க. அதுக்குப் பிறகு வேணுமெண்டா மாத்தித் தாறன்” என்றாள் சுலோஜனா.

நாலு மணி. அசர் நேரம். அதற்குப் பிறகு மாற்றி என்ன பிரயோசனம்?

மத்தியானம் லுஹர் தொழுது, பாரைக் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் சோறும் சாப்பிட்டார்கள். அறைக்கு வந்ததும் பஹீமா தன் வேலையைத் தொடங்கினாள். ஜன்னலைச் சத்தம் வராமல் சாத்தினாள். கதவிடுக்கில் துவாயைச் செருகினாள். மேலே ஃபேன் புத்தம் புதியது, சுற்றுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு படுத்தாள்.

பாறூக் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவர் கண் திறந்திருப்பது, பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. படுங்க, படுங்க, கண்ணை மூடுங்க என்று உள்ளே கெஞ்சிக்கொண்டே இருந்தவள், எந்த இடத்தில் தான் உறங்கிப்போனாள் என்று அறியவில்லை.

கனவில் களப்பு றோட்டைக் கடந்து அறைக்குள் வந்துவிட்டது. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. கட்டில் ஒரு தோணியாக மெல்ல மிதந்தது. பாறூக் முன்பக்க அணியத்தில் இருந்து, துடுப்புக்குப் பதிலாகத் தன் லொறியின் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்க வாயைத் திறந்தாள். கதைச்சா அவருக்குத் தலையிடி வரும் என்று ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். தோணி போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது தோணியில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

திடுக்கிட்டு விழித்தாள். பக்கத்தில் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. செருப்பு இல்லை. மேசையில் வைத்த போனும் இல்லை.

முனாஸுக்குப் பதில் சொல்லப் போய்விட்டார். அசருக்குக்கூடப் பொறுக்கவில்லை.

சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மத்தியான வேளையில் உலகமே கண்ணயர்ந்து கிடந்தது. வாசல் மேசையில் சுலோஜனா கணக்குக் கொப்பிக்கு மேல் தலை வைத்துத் தூங்கினாள். அவள் காலடியில் நாய் தூங்கியது. கரையில் இழுத்து வைத்த தோணியின் நிழலுக்குள் மீனவர் ஒருவர் முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு தூங்கினார். கடல்கூட அலை எறிய அலுத்துப்போய்க் கிடந்தது. றோட்டைத் தாண்டிக் களப்புப் பக்கம் போனாள். வெயிலில் தண்ணீர் எது, வானம் எது என்று பிரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக நடுங்கியது. நட்டுவைத்த கம்பொன்றில் நீர்க்காகம் சிறகை விரித்தபடி அசையாமல் நின்றது. அதுவும் தூங்குகிறதோ என்னவோ. தான் விழித்துவிட்டாளா, இன்னும் அந்தத் தோணியில்தான் இருக்கிறாளா என்று பஹீமாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஊரெல்லாம் உறங்குகிறது, என் மனிதரைத் தவிர என்று நினைத்ததும் கண் கலங்கியது.

திரும்பி வந்து அறைகளின் பின்பக்கத்தால் நடந்தபோது ஒரு இரைச்சல் கேட்டது. விடாமல், ஒரே சீராக, ஊம் என்று. ஏசி அறையின் பின்சுவரில் பூட்டியிருந்த இரும்புப் பெட்டி அது. அறைக்குள் குளிரை விட்டுவிட்டு, உள்ளேயிருந்த சூட்டையெல்லாம் வெளியே துப்பிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் முன்னால், ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு மர வாங்கு. அந்த வாங்கில், செருப்பைத் தலைக்கு வைத்து, போனை நெஞ்சில் வைத்து, வாயைப் பிளந்துகொண்டு பாறூக் உறங்கிக்கொண்டிருந்தார்.

கச்சான் ஒரு பக்கம், பெட்டியின் சூடு மறுபக்கம். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அதற்கு நடுவே மனிதர் பால் குடித்த பிள்ளை மாதிரி உறங்குகிறார். பதினொரு மாதத்தில் அந்த முகத்தில் இப்படியொரு அமைதியை அவள் கண்டதில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. துவாயைச் செருகி, ஜன்னலைச் சாத்தி, மூச்சை அடக்கி நான் பட்ட பாடு என்ன, நீங்கள் கொதிக்கிற பெட்டிக்கு முன்னால் வந்து கிடப்பதென்ன! பிறகு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விளங்காமல், சால்வை முனையால் அவருக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

பெட்டி ஒரு தரம் உதறிவிட்டு நின்றது. உள்ளே யாரோ ஏசியை அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சத்தம் நின்றதுதான் தாமதம், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி பாறூக் சட்டென்று கண் விழித்தார்.

“இஞ்ச என்ன செய்றீங்க மச்சான்?”

எழுந்து உட்கார்ந்து, வெட்கத்தோடு முகத்தைத் துடைத்தார். “சும்மா நடந்து வந்தன். ஒறக்கம் வந்திட்டு.”

“இந்த வெக்கையிலயா?”

“வெக்கை கிடக்கட்டும். சத்தம் இருந்திச்சே.”

“என்ன சத்தம்? குளிர் இருந்தாத்தானே உங்களுக்கு ஒறக்கம் வரும்?”

“குளிரா?” பாறூக் அவளை வியப்பாகப் பார்த்தார். “எனக்குக் குளிர் ஆகாது புள்ள. முழங்கால் குத்தும். கட்டார்க் கேம்புல ரெண்டு போர்வையும் போத்தி, கம்பளித் தொப்பியும் போட்டுத்தான் படுக்கிற. வீட்டுல ஏசி பூட்டினதும் அந்தச் சத்தத்துக்குத்தான்.”

பஹீமா வாங்கின் மற்ற முனையில் உட்கார்ந்தாள். அந்த ஏசி அறையில், அவருடைய லீவு நாட்களிலெல்லாம், பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தவள் அவள். இவரும் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தாரா?

“அப்பிடி என்ன சத்தத்துல ஆசை?”

அவர் கால்விரலால் மணலைக் கிளறினார். பிறகு சொன்னார்.

“கேம்புல ஒரு அறைக்கு எட்டுப் பேர். அரிசி மில்லு மாதிரிக் கத்துற ஒரு பழைய ஏசி. போன புதுசுல ஒருநாள் கரண்ட் போச்சு. ஏசி நிண்டுட்டு. அப்பதான் கேட்டிச்சு. பக்கத்துக் கட்டில்ல அப்துல் கபூர், நம்மட ஏறாவூர்ப் பொடியன், தலவாணிக்குள்ள முகத்தப் பொத்தி அழுறான். எதிர்க் கட்டில்ல இன்னொருத்தன். மேல ஒருத்தன். ஒவ்வொரு நாளும் அழுதுதான் இருந்திருக்கானுகள். ஏசிட சத்தத்துல ஒருத்தன்ட மற்றவனுக்குக் கேட்கல்ல, அவ்வளவுதான்.”

“நீங்க?” என்று கேட்டாள் பஹீமா.

“நானும்தான். அஸ்மியாக்கு அப்ப மூணு வயசு.”

அவர் போனைக் கையில் உருட்டினார். “அதுக்குப் பொறகு சத்தம் இல்லாத இடத்துல ஒறக்கம் வராது. ஆரோ அழப் போறான், ஆரோ அழப் போறான் எண்டு காது முழிச்சிட்டே இருக்கும்.”

பஹீமா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இங்கே தகிக்கிற வெக்கையில் ஃபேனுக்குக் கீழே புரண்டுகொண்டு, ‘அவருக்கென்ன, குளிருக்குள்ள ராசா மாதிரி ஒறங்குவார்’ என்று எத்தனை தரம் பொறாமைப்பட்டிருப்பாள்! அந்த நினைப்புக்காக இப்போது வெட்கப்பட்டாள். வெட்கத்தோடு இன்னொன்றும் மெல்ல விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இஞ்சாருங்க. அந்தப் பழைய ஃபேனக் கழட்டச் சொன்னது நான்தான்.”

“நீயா? நல்ல ஃபேன் அது. அத எங்க போட்டீங்க எண்டு கொட்டிலெல்லாம் தேடினன்.”

“பாண்காரனையும் நான்தான் பாட்டுப் போட வேணாமெண்டு சொன்னன்.”

பாறூக் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவன் உசிரோடயா இருக்கான்? பாட்டுக் கேட்கல்ல, ஆள் மவுத்தாகிட்டான் எண்டு நினைச்சன் நான்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், அவளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

“நீயும்தான் கதைக்கிறல்ல. சாப்பிடுங்க, படுங்க. அதுக்கு மேல ஒரு சொல் இல்ல. மனிசன் உழைப்ப விட்டுட்டு வந்து குந்திட்டான், இவளுக்குப் புடிக்கல்ல எண்டு நினைச்சன். வீடும் புள்ளைட வீடு. எனக்கு இஞ்ச என்ன வேலை எண்டு நினைச்சன். பின்ன எனக்கெண்டு ஏசி எதுக்கு? அதான் முனாஸ்ட்டயும்…”

பஹீமாவுக்குத் தொண்டைவரை சொல் வந்தது. முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனை தரம் அவருடைய பெட்டியில் கருவாடும் மிளகாய்த் தூளும் தொதல் இனிப்பும் அடுக்கியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, ‘பத்திரமாப் போய் வாங்க’ என்பதோடு நிறுத்திவிடுவாள். பயணம் போகிறவரைப் போகாதே என்று மறிக்கக் கூடாது, அது பயணத்துக்கு ஆகாது என்று அவளை வளர்த்தவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அழுவதையும் விமானம் ஏறிய செய்தி வந்த பிறகுதான் அழுவாள்.

“கதைச்சா உங்களுக்குத் தலையிடி எண்டு அஸ்மியா சொன்னா.”

“அவளுக்கென்ன தெரியும்? போன்ல நீ கதைக்கிறதக் கேட்டுட்டுத்தானே நான் ஒறங்கிற. அத்தினை வருசமும்.”

பஹீமா எழுந்து நின்றுவிட்டாள். “என்ன? அப்ப நான் ஒறங்கிற மனிசனோடயா கதைச்ச? இடையில சத்தமில்லையே எண்டு கேட்டா, சிக்னல் இல்ல, சிக்னல் இல்ல எண்டு சொல்லுவீங்களே!”

“முழிச்சி, வெக்கத்துல சொல்றது” என்றார் பாறூக்.

அவளுக்கு வந்த கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. போன் வெயிலில் சுட்டது. அவர் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “எழும்புங்க. வந்து உள்ளுக்குப் படுங்க. இனிக் கேளுங்க” என்றாள்.

அறைக்குள் போய்த் துவாயை உருவி எறிந்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள். கச்சான் சீறிக்கொண்டு வந்து திரையைத் தூக்கியது. தென்னோலைச் சத்தமும் கடலின் சத்தமும் கூடவே வந்தன. அவர் படுத்தார். அவள் தலைமாட்டில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, வாய்க்கட்டை அவிழ்த்தாள்.

பதினொரு மாதத்துச் சங்கதி கிடந்தது. றிஸ்லான் கறிவேப்பிலையைச் சோற்றுப் பீங்கான் ஓரத்தில் அடுக்கி வைப்பதிலிருந்து தொடங்கினாள். ஆரையம்பதியிலிருந்து மீன் கொண்டுவருகிற அழகரத்தினம் அண்ணன் தன் சைக்கிளுக்குப் பச்சை மை அடித்தது, அதைப் பார்த்து மாடு வெருண்டது, மாடு போய்ப் பள்ளிவாசல் மதிலை முட்டியது என்று ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குத் தாவினாள். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை தனக்குத் தோளில் இறுகியதை இப்போதுதான் சொன்னாள். குரல் வெயிலோடு கலந்து, ஓலைச் சத்தத்தோடு கலந்து, நீண்டுகொண்டே போனது. பாறூக்கின் இமை இறங்கியது. முகம் தளர்ந்தது. பேச்சை நிறுத்தினால் விழித்துவிடுவாரோ என்று அவள் நிறுத்தவில்லை. சொல்ல ஊர்ச் சங்கதியெல்லாம் தீர்ந்தபோது, மீதி இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், அதையும் சொல்லிவிட்டாள்.

“போகாதீங்க மச்சான். எனக்கு நீங்க இஞ்ச வேணும்.”

பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டை கிளம்பியது. பிறகு இன்னொன்று. நல்ல வேளை, கேட்கவில்லை என்று ஒரு மனம் சொன்னது. ஐயோ, கேட்கவில்லையே என்று மற்ற மனம் அழுதது. குறட்டை ஏறி இறங்க, திரை ஏறி இறங்க, சுவரில் சாய்ந்தபடியே அவளும் அரைக்கண்ணில் மிதந்தாள். இந்தத் தடவை தோணியில் இரண்டு பேர் இருந்தார்கள்.

கதவு தட்டும் சத்தத்தில் இருவரும் எழுந்தார்கள். கச்சான் நின்று, கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரத் தொடங்கியிருந்தது. சுலோஜனா சாவியோடு நின்றாள்.

“ஏசி ரூம் காலியாயிட்டுது. மாத்தித் தரட்டா?”

“அந்த ஏசி அறைக்குள்ள சத்தம் போடுமா தங்கச்சி?” என்று கேட்டார் பாறூக்.

“சீ, இல்லையண்ணன். புது மிசின். சத்தமெல்லாம் வெளியிலதான். உள்ளுக்கு ஒரு சத்தமும் இருக்காது.”

“அப்ப எங்களுக்கு வேணாம்.”

சுலோஜனா ஒன்றும் விளங்காமல் பஹீமாவைப் பார்த்துவிட்டுப் போனாள். இந்த அறைக்கு மூன்று தடவை போன் எடுத்த ஆட்களல்லவா, எப்படியும் இருப்பார்கள் என்று நினைத்திருப்பாள்.

அப்போது பஹீமாவின் முந்தானை முடிச்சுக்குள் போன் அடித்தது. அவிழ்த்துப் பார்த்தாள். முனாஸ். ஒரு கணம் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு நீட்டினாள். பாறூக் வாங்கி, ஜன்னலோரம் போய் நின்றார்.

“முனாஸ். ஓம். இல்ல, நான் வரல்ல.” எதிர்முனையில் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். “சம்பளமெல்லாம் இல்லடா. வீட்டுக்காரி போக வேணாமெண்டு சொல்லிட்டா. பத்தொன்பது வருசத்துல இண்டைக்குத்தான் வாயத் தொறந்து சொன்னா.”

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பும்வரை பஹீமா நின்ற இடத்திலேயே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் கை வரவில்லை.

“அப்ப நீங்க ஒறங்கல்லயா?” என்று ஆத்திரமாகக் கேட்டாள்.

“ஒறங்கினன்” என்றார் பாறூக். “அதக் கேட்டதுக்குப் பொறகுதான் ஒறங்கினன்.”